ரேடியேட்டர் ஒழுகினால் ஈயம் வைக்கும் முன்

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் பழைய லாரி வைத்திருக்கும் எவருக்கும் ரேடியேட்டர் ஒழுகல் பழகிய தொல்லை. ஆறு சக்கர வண்டியை ஓட்டியும் பராமரித்தும் நான் கற்றதில் முக்கியமானது ஒன்று உண்டு. ஒழுகும் இடத்தை அடைப்பது பாதி வேலைதான். அந்த இடம் ஏன் விட்டது என்று பார்க்காமல் ஈயம் வைத்தால், சீக்கிரமே அதே இடமோ பக்கத்து இடமோ மறுபடியும் விடும். காரணம் அப்படியே இருந்தால் புது ரேடியேட்டர் போட்டாலும் இதே கதைதான்.

எங்கே ஒழுகுகிறது?

தண்ணீர் குறைந்தவுடன் ரேடியேட்டரைக் கழற்றாதீர்கள். ஃபேன் காற்றை முன்னாலிருந்து பின்னால் இழுப்பதால், ரேடியேட்டரில் கசியும் நீர் இன்ஜின் மேல் தெறிக்கும். ஈரம் தெரியும் இடத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். காய்ந்த தடத்தைத் தேடுங்கள். தண்ணீர் வற்றிய இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருக்கும். அங்கிருந்து மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் ஓட்டை கிடைத்துவிடும்.

ஹோஸ்களின் இரு முனைகளையும் கிளிப்புகளையும் தொட்டுப் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகச் சொட்டும். அதற்கு ரேடியேட்டரைப் பழி சொல்லிப் பயனில்லை. சில ஒழுகல்கள் இன்ஜின் ஆறியபின்தான் தெரியும், சில பிரஷர் ஏறியபின்தான் தெரியும். அதனால் காலையில் ஒருமுறை, ஓடி வந்து நின்றதும் ஒருமுறை என இரண்டு நேரமும் பார்க்க வேண்டும்.

வெளியில் எங்கும் ஈரமில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். நன்றாக ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தாலோ, ரேடியேட்டருக்குச் செலவு செய்வதை நிறுத்திவிட்டு ஹெட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஏன் விட்டது?

எங்கள் பக்கம் முதல் எதிரி போர் தண்ணீர். அதிலுள்ள உப்பு டியூபுக்குள் படிந்து வழியை அடைக்கிறது. படிவம் வெப்பத்தை வெளியே விடாது. வண்டி சூடேறிச் சூடேறி, ஈயப் பற்று இருக்கும் இடங்கள் தளர்ந்துபோகின்றன.

இரண்டாவது அதிர்வு. ரேடியேட்டர் ரப்பர் புஷ்ஷின் மேல்தான் உட்கார வேண்டும். புஷ் நசுங்கிப் போனபின் போல்ட்டை இறுக்கிக் கட்டினால், சேஸிஸ் முறுக்கும்போதெல்லாம் அந்த முறுக்கு டேங்க் மூலையில் போய் விழும். மூலையில் விரிசல் கண்டால் முதலில் புஷ்ஷைப் பாருங்கள்.

மூன்றாவது மூடி. அது வெறும் அடைப்பான் இல்லை, பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வு. ஒரு பி.எஸ்.ஐ. பிரஷர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயரும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியால் தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும். வால்வு இறுகிப்போன மூடியோ, பிரஷரை வெளியே விடாமல் பற்றுகளைக் கிழிக்கும். ரேடியேட்டரில் கை வைக்கும்போதெல்லாம், கம்பெனி சொன்ன அளவில் புது மூடி வாங்கிப் போடுங்கள். இந்த வேலையிலேயே மலிவான செலவு அதுதான்.

ஈயமா, கோரா, புதுசா?

பழைய லாரி ரேடியேட்டரில் டேங்கும் டியூபும் பித்தளை, இடையிலுள்ள தகடுகள் செம்பு. எல்லாம் ஈயத்தால் பற்றவைத்தவை என்பதால் பிரித்துச் சேர்க்க முடியும். பட்டறையில் வாய்களை அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். காற்றின் அளவு மூடியின் பிரஷரைத் தாண்டக் கூடாது.

டேங்க் ஓரத்தில் குமிழ் வந்தால் ஈயம் வைத்தாலே போதும். ஆனால் டேங்கைப் பிரிக்கும் அன்றே டியூபுகளுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லிவிடுங்கள். அதற்காக இன்னொரு நாள் வண்டியை நிறுத்துவது வீண். ஓரிரு டியூபுகள் ஓட்டையானால் இருபுறமும் அடைத்து ஓட்டலாம். பல டியூபுகள் போயிருந்தாலோ, தகடு தொட்டதும் உதிர்ந்தாலோ, டியூபும் தகடும் சேர்ந்த கோரை மாற்றுவதே நல்லது. புதுக் கோர் வாங்கும்போது டியூப் வரிசைகளை எண்ணிப் பழையதோடு ஒப்பிடுங்கள். வரிசை குறைந்தால் விலையும் குறையும், ஆனால் ஏற்றத்தில் வண்டி சூடாகும். பழைய கோரில் செம்பு இருக்கிறது. எடை போட்டு, அதன் விலையைக் கூலியில் கழிக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் உள்ள ரேடியேட்டருக்கு ஈய வேலை எடுபடாது. பிளாஸ்டிக் டேங்கில் விரிசல் விட்டால் பசை போட்டு ஊர் வந்து சேரலாம். அதற்கு மேல் அதை நம்பி லோடு ஏற்றாதீர்கள்.

வழியில் விட்டால்

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து போவதால் காற்றோட்டம் குறைவு, இன்ஜினுக்கோ முழுப் பாரம். பலவீனமான ரேடியேட்டர் அங்கேதான் கைவிடும். டெம்பரேச்சர் முள் ஏறுவதைக் கண்டால் ஓரம் கட்டுங்கள். தண்ணீர் போய்விட்டது என்று தெரிந்தால் இன்ஜினை உடனே அணையுங்கள். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடியும்வரை மூடியைத் தொடாதீர்கள். பொங்கி வரும் நீராவி முகத்தையும் கண்ணையும் பொசுக்கிவிடும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

மஞ்சள் தூள் போடுவது டிரைவர்களின் பழைய வைத்தியம். ஊசித் துளைக்குப் பயன்படும், பட்டறைவரை கொண்டு சேர்க்கும். அதையே தீர்வாக வைத்துக்கொண்டால் தூள் நல்ல டியூபுகளையும் அடைத்துவிடும். கடையில் விற்கும் அடைப்பு மருந்துக்கும் இது பொருந்தும்.

திரும்ப மாட்டும்போது

பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டால் நெம்பாதீர்கள். பித்தளைக் கழுத்து மிருதுவானது, வளைந்துவிடும். பிளேடால் ஹோஸை அறுத்தெடுத்துப் புதியது போடுங்கள். ரப்பர் புஷ்ஷும் புதிதாக இருக்கட்டும். ஃபேன் இறக்கை எங்கும் உரசாமல் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

நம்மூர் வெயிலுக்கு வேண்டாம் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. பல இன்ஜின்களில் அதைக் கழற்றினால் பைபாஸ் வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கு வராமலே இன்ஜினுக்குள் சுற்றும். கெட்டுப்போயிருந்தால் புதியது போடுங்கள், இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து மெதுவாக ஊற்றுங்கள். மூடி திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகும்வரை அளவு குறையக் குறைய நிரப்புங்கள். உள்ளே மாட்டிய காற்று வெளியேறிவிடும். ஒருமுறை ஓடி ஆறியபின் கிளிப்புகளை மறுபடி இறுக்குங்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும். அது விஷம், உயிரைக் கொல்லும்.

பட்டறையில் கூலி கொடுக்கும்போது, "எதனால விட்டுதுங்ணா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உப்பா, புஷ்ஷா, மூடியா என்று காட்டிச் சொல்கிறவரிடமே தொடர்ந்து வண்டியை விடுங்கள். அவர் சொன்ன காரணத்தைச் சரிசெய்த பிறகே அடுத்த லோடு ஏற்றுங்கள்.