ப்ராசஸர் மாத்தணுமா? முதல்ல இதைச் செஞ்சு பாருங்க!

கேம் திக்கித் திணறுதா? வீட்டில் கேட்டு வாங்கிய காசைப் புது ப்ராசஸரில் போடுவதற்கு முன், பத்து நிமிஷம் ஒதுக்குங்க.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ரெண்டு பேர் உழைக்கணும். எதிரி எங்கே, குண்டு எங்கே பட்டது என்று கணக்குப் போடுவது ப்ராசஸர். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. 60 எஃப்பிஎஸ் வேணும்னா, ரெண்டு பேருமே ஒரு ஃபிரேமுக்கான வேலையைச் சுமார் 16.7 மில்லிசெகண்டில் முடிக்கணும். யார் மெதுவோ, அவர் வேகம்தான் கேமின் வேகம்.

வி-சிங்க், ஃபிரேம் லிமிட் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் ஜிபியூ யூசேஜைக் கவனிங்க. 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், ப்ராசஸர் மேல் தப்பில்லை. குறைவாக இருந்தால், ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்க. அப்பவும் எஃப்பிஎஸ் ஏறலையா? பெரும்பாலும் ப்ராசஸர்தான் இடிக்குது.

"சிபியூ யூசேஜ் 40 சதவீதம்தானே?" என்று ஏமாறாதீங்க. 12 த்ரெட் ப்ராசஸரில் ஒரு த்ரெட் முழுசாகத் திணறினாலும், மொத்தக் கணக்கில் அது சுமார் 8 சதவீதம்தான்.

மாத்துவதென்று முடிவானால், சாக்கெட்டைப் பாருங்க. 2018-ல் வந்த ரைசன் 5 2600 வெச்சிருக்கீங்களா? அதே ஏஎம்4 மதர்போர்டில் 2022-ல் வந்த ரைசன் 5 5600-ஐப் போடலாம். போர்டு கம்பெனியின் சப்போர்ட் லிஸ்டில் அது இருக்கணும். பழைய சிப்பைக் கழற்றும் முன்பே பயாஸ் அப்டேட் முடிச்சிடணும். சாக்கெட்டே வேறன்னா போர்டுக்கும், சில சமயம் ரேமுக்கும் சேர்த்துச் செலவு வரும்.

சோதனையில் கார்டுதான் மாட்டுச்சா? ப்ராசஸர் காசு பத்திரமா இருக்கட்டும்!