32 டிகிரி: சூடா, இல்லையா?

வகுப்பில் தினமும் நடக்கிற ஃபேன் சண்டை உங்களுக்கே தெரியும். ஒருத்தர் "வேகமா வை" என்பார், பக்கத்தில் இருப்பவர் "குறைடா" என்பார். இருவருக்கும் ஒரே அறை, ஒரே வெப்பநிலைதான்!

டென்மார்க் விஞ்ஞானி ஃபாங்கர் 1970-ல் இதற்கொரு சமன்பாடு தந்தார். காற்றின் வெப்பம், சுவர் மற்றும் கூரையின் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், உடை, செய்யும் வேலை ஆகிய ஆறையும் போட்டால் −3 (குளிர்) முதல் +3 (சூடு) வரை ஒரு எண் வரும். சரியாக 0 வந்தாலும் 100-க்கு 5 பேர் குறை சொல்வார்களாம். நம்ம வகுப்பில் இன்னும் அதிகம்!

சரி, ஃபஸி லாஜிக் எங்கே வருது? சாதாரண தர்க்கத்தில் 'சூடு' என்றால் 1, இல்லாவிட்டால் 0. ஆனா நாம "கொஞ்சம் சூடு" என்றுதானே பேசுகிறோம்? நடுவில் உள்ள 0.3, 0.7 எல்லாமே செல்லும் என்று 1965-ல் கலிஃபோர்னியா பேராசிரியர் லோட்ஃபி ஸாடே காட்டினார். 'கொஞ்சம்' கணக்குக்குள் வந்துவிட்டது.

இப்போ நம்ம ஊர்க் கணக்கு. ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வரும் இரண்டு அண்ணன்கள் பகலில்தான் தூங்கணும். ஒருவருக்குத் தரைத்தள ரூம், இன்னொருவருக்கு ஷீட் போட்ட ரூம். இரண்டிலும் தெர்மாமீட்டர் 32, ஈரப்பதம் 66%.

எல்லைகளை நாமே வைப்போம். காற்று 28-ல் 0, 36-ல் 1. அப்படியானால் 32-க்கு 0.5. ஈரப்பதம் 50%-ல் 0, 90%-ல் 1. எனவே 66%-க்கு 0.4. கூரையின் அடிப்பக்கம் 34-ல் 0, 54-ல் 1.

விதி: "காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்தால், அல்லது கூரை கொதித்தால், புழுக்கம்." 'உம்' வந்தால் சின்ன எண்ணை எடுக்கணும், 'அல்லது' வந்தால் பெரிய எண்ணை.

தரைத்தள ரூமின் கூரை 34: புழுக்கம் 0.4. ஷீட் கூரை 50: புழுக்கம் 0.8. தெர்மாமீட்டர் ஒன்றாக இருந்தும் இரண்டு மடங்கு! ஷீட்டின் அனல் கதிர்வீச்சாக நேரே உடம்பில் இறங்குவதுதான் காரணம். (நிஜக் கணினி நிரலில் இப்படிப் பல விதிகள் இருக்கும்.)

அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட 5 நகரங்களில் ஆய்வு செய்து 2014-ல் இந்தியாவுக்கான இத அளவுகோலை வெளியிட்டது. ஆனால் அங்கே கேட்டது அலுவலகக் கட்டடங்களில் இருந்தவர்களை. ஷீட் ரூமில் பகலில் தூங்குகிறவரையும் கேட்டிருக்கலாம்!

பயிற்சி: வெள்ளைப் பெயின்ட் அடித்து ஷீட்டின் அடிப்பக்கம் 40 ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை அதே. புழுக்கம் எவ்வளவு? விடையைத் துண்டுச்சீட்டில் எழுதி இந்தப் பலகையிலேயே குத்துங்கள்.