படகு வாங்கும் முன் எடையைக் கூட்டுங்க

எபிசோடில் சர்வர் அளவு பற்றிப் பேசினோம். அதே கணக்கை பென்டில் ஹில் வீட்டில் மோட்டார் படகுக்குப் போட்டேன்: 4.5 மீட்டரா, 6 மீட்டரா?

விளம்பரத்தில் பெரும்பாலும் வெறும் படகின் எடைதான் இருக்கும். மோட்டார், டிரெய்லர், பெட்ரோல் (100 லிட்டர் சுமார் 74 கிலோ) எல்லாம் கூட்டணும். இங்கே பாரத்தோட டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டினா பிரேக் கட்டாயம். 2,000 தாண்டினா எல்லாச் சக்கரத்துக்கும். என் கார் 1,500 கிலோதான் இழுக்கும்.

மச்சான் பெரியதுக்கு நின்றார். நான் சின்னதை எடுத்தேன். 4.8 மீட்டருக்குக் குறைந்த படகில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எப்பவும் லைஃப் ஜாக்கெட் போடணும். மகள் முணுமுணுத்தாள், ஆனா போட்டாள்.

வருஷத்தில் ஒருநாள் பத்துப் பேர் வந்தா, பெரிய படகு வாடகைக்கு. பீக் லோடுக்காக சர்வர் வாங்குவோமா?