ஆற்றோரம் கூடாரம்: எங்கே போடலாம்?

தம்பி, தங்கைகளே! விடுமுறைக்கு கேம்பிங் கிளம்பும் குழுக்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஆறு அழகா தெரியுற இடத்தைத் தேடாதீங்க, ஆறு பெருகினாலும் எட்டாத இடத்தைத் தேடுங்க.

மலையில் மழை பெய்தால், நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ‘கெப்பாலா ஆயர்’ இறங்கிவிடும். தண்ணீர் திடீரெனக் கலங்குதா? இலையும் சுள்ளியும் மிதந்து வருதா? இரைச்சல் கூடுதா? சாமான்களை விட்டுட்டு மேட்டுக்கு ஓடுங்க.

இடம் பார்க்கும்போது, கரையோர மரக்கிளைகளில் சிக்கியிருக்கும் காய்ந்த குப்பையைத்தான் நான் முதலில் கவனிப்பேன். பழைய வெள்ளம் அந்த உயரம்வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். கூடாரம் அதற்கும் மேலே இருக்கட்டும். ஆற்று நடுவே உள்ள மணல் திட்டு வேண்டாம். பட்ட மரத்தடியும் வேண்டாம்.

செங்குத்தான சரிவின் அடிவாரமும் ஆபத்துதான். 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங்காலியில் முகாம் தளத்தின்மேல் மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தார்கள். பலர் தூக்கத்தில் இருந்த நேரம் அது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். மேட்டுக்குப் போகும் வழியை எல்லாருக்கும் காட்டி வையுங்கள்.

ஆற்றைத் தாயாக வணங்குகிறோம். அவள் பெருகி வரும் பாதையை விட்டு ஒதுங்கித் தங்குவதும் வணக்கம்தான்.