கற்சில்லும் கைத்தொழிலாகும்

பால்மரக் காட்டில் எதுவும் வீணாவதில்லை. மங்கில் உறைந்து நிற்கும் கட்டிப்பாலும், வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலும் நிறுவைக்கு வருகின்றன; விலையும் பெறுகின்றன. ஆயினும், ஒட்டுப்பாலை முதல்தரப் பால் என்று கூறி எவரும் நிறுப்பதில்லை. அதற்கென ஒரு பெயர் உண்டு. அதற்கென ஒரு விலையும் உண்டு. இத்தகைய சிக்கனத்தையும் நேர்மையையும் ஒருங்கே வேண்டிநிற்கும் ஒரு கைத்தொழிலைப் பற்றி இப்பாடத்தில் காண்போம். எஞ்சிய மணிக்கற் சில்லுகளை எபோக்சிப் பிசினில் பதித்து, அணிகலன்களுக்கேற்ற குவிமுகக் கற்களாக்குவதே அக்கைத்தொழில்.

குவிமுகக் கல் என்பது யாது?

நகைகளில் பதிக்கப்பெறும் கற்கள் பெரும்பாலும் இருவகைப்படும். வைரத்தைப் போலப் பல முகங்களாகப் பட்டை தீட்டப்பட்டவை ஒருவகை. அடிப்பாகம் தட்டையாகவும், மேற்பாகம் கவிழ்த்த கிண்ணத்தைப் போல வழவழப்பாகவும் இருப்பவை மற்றொரு வகை. பின்னதைக் கபோஷான் என்பர். நாம் குவிமுகக் கல் எனலாம். பட்டை தீட்டும் கலைக்கு முற்பட்டது இவ்வடிவம். பரதநாட்டிய நகைகளில் செந்நிறக் கெம்புக் கற்களைக் கண்டோர் இதனை எளிதில் அறிந்துகொள்வர்.

ஒரே கல்லைத் தேய்த்து இவ்வடிவம் பெறுவதற்கு இயந்திரமும் பயிற்சியும் வேண்டும். சில்லுகளுக்கோ அவை வேண்டா. அறுந்துபோன கல்மாலைகளும் உடைந்த கல்வளையல்களும் போதும். செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் ஆகியவை படிக இனத்தைச் சேர்ந்தவை. கடினத்தில் ஏறத்தாழ 7ஆம் எண்ணுக்கு உரியவை. ஒரே கடினமுடைய சில்லுகளைச் சேர்ப்பதே நன்று. கடினமும் மென்மையும் கலந்தால், தேய்க்கும்போது மென்மையானவை முன்னதாகத் தேய்ந்து பள்ளம் விழும்.

பிசின் இறுகும் முறை

எபோக்சிப் பிசின் 1930ஆம் ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்களில் உருப்பெற்றது. 1946ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம், அரால்டைட் என்னும் பெயரில் எபோக்சிப் பசையை அறிமுகப்படுத்தியது. பிசின் ஒரு குப்பியிலும், கெட்டியாக்கி மற்றொரு குப்பியிலும் கிடைக்கும்.

பாலில் அமிலத்தைச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்தால் பால் விரைந்து உறையும் என்பதை நாம் அறிவோம். எபோக்சியில் அவ்வாறு எண்ணுதல் கூடாது. இங்கே கெட்டியாக்கி வெறுந் தூண்டுபொருள் அன்று. பிசினோடு இணைந்து அதன் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. கெட்டியாக்கி மிகுந்தால் இணைவதற்குப் பிசின் இன்றி எஞ்சும். குறைந்தால் பிசின் எஞ்சும். இருவழியிலும் கல் பிசுபிசுப்பாகவோ மெத்தென்றோ நின்றுவிடும். ஆகவே, குப்பியில் குறித்துள்ள அளவே அளவு. அவ்வளவு கொள்ளளவாலா எடையாலா என்பதையும் நோக்க வேண்டும். இரு திரவங்களின் அடர்த்தியும் ஒன்றன்று; ஒன்றுக்கு ஒன்று எனக் கொள்ளளவால் குறித்ததைத் தராசில் சமமாக நிறுத்தால் விகிதம் பிழைபடும்.

செய்முறை

1. சில்லுகளைச் சோப்பு நீரில் கழுவி, இரண்டொரு நாள் நன்கு உலர்த்துக. ஈரம் எஞ்சினால் பிசின் ஒட்டாது, வெண்மேகம் படரும்.

2. 30 மில்லிமீட்டர் நீளமும் 22 மில்லிமீட்டர் அகலமும் உடைய நீள்வட்டச் சிலிக்கோன் அச்சினை எடுத்துக்கொள்வோம். குவிவின் உயரம் 7 மில்லிமீட்டராயின், அச்சு ஏறத்தாழ இரண்டரை மில்லிலிட்டர் கொள்ளும். அதில் சில்லுகள் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே 10 கற்களுக்கு 15 மில்லிலிட்டர் கலவை போதுமானது. கலவையை மிகுதியாகக் கலக்கலாகாது. இறுகும்போது பிசின் வெப்பத்தை வெளிவிடுவதால், கிண்ணத்தில் குவிந்து நிற்கும் கலவை கொதித்துப் புகையவுங்கூடும்.

3. இரு திரவங்களையும் அளந்து ஊற்றி, கிண்ணத்தின் ஓரங்களையும் அடியையும் வழித்துச் சேர்த்து, மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குக. வேகமாக அடித்தால் காற்றுக்குமிழ்கள் புகும்.

4. துளையிட்ட மணிச் சில்லுகளின் துளைகளில் காற்று தங்கும். அவற்றை முதலில் கலவையில் தோய்த்தெடுத்தல் வேண்டும். அச்சில் சிறிது கலவை ஊற்றி, அழகிய முகம் கீழ்நோக்குமாறு சில்லுகளை அடுக்கி, எஞ்சிய இடத்தைக் கலவையால் நிரப்புக. குமிழ்களைப் பற்குச்சியால் அகற்றலாம்.

5. தூசு விழாதபடி மூடி, ஒருநாள் அசையாது வைத்திருக்க வேண்டும். முழு உறுதி பெற ஒரு வாரம் வரை ஆகலாம். மழைநாளின் ஈரக்காற்றில் மேற்புறத்தே எண்ணெய்ப் படலம் போன்று படிவதுண்டு. இறுகியபின் வெந்நீராலும் சோப்பாலும் அதனைக் கழுவலாம்.

6. அடிப்பாகத்தை மட்டும் 220, 400, 600 எனப் படிப்படியாக நீர்த்தாளில் நனைத்துத் தேய்த்துத் தட்டையாக்குக. மேற்பாகத்தைத் தேய்க்காமல் அச்சின் பளபளப்பையே காத்தல் நலம். தேய்த்தால் பிசின் தாழ்ந்து, கற்கள் மேடாக நிற்கும்.

மூச்சையும் தோலையும் காத்தல்

குஜராத் மாநிலத்தின் காம்பே நகர் அகேட் மணிகளுக்குத் தொன்றுதொட்டுப் பெயர் பெற்றது. அங்கே அகேட் கல்லைத் தேய்ப்போர் பலர் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். வீடுகளிலேயே தேய்ப்பு நடைபெற்றதால், தொழில் செய்யாத குடும்பத்தாரையும் அண்டை வீட்டாரையுங்கூட அந்நோய் தாக்கியதை மருத்துவ ஆய்வுகள் காட்டின. கல்லின் நுண்தூசு நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்குகிறது. அத்தழும்பை நீக்கும் மருந்து இல்லை.

ஆதலின், கல்லை உலரத் தேய்த்தல் அறவே கூடாது. எப்பொழுதும் நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். துணியால் முகத்தை மூடுவது நுண்தூசைத் தடுக்காது. என்95 வகை முகக்கவசம் வேண்டும். தேய்த்த சேற்றைக் காயவிட்டுப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அடுப்படியிலும் குழந்தையின் தொட்டிலுக்கு அருகிலும் இவ்வேலை ஆகாது.

இறுகாத பிசின் தோலில் படுவதால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை ஒவ்வாமை வேரூன்றிவிட்டால் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். நம் மரப்பாலில் செய்த மெல்லிய கையுறைகள் இதற்குப் போதிய காப்பு அல்ல. நைட்ரைல் கையுறைகளே ஏற்றவை. தோலில் பட்டதைத் தின்னரால் துடைக்காமல் சோப்பால் கழுவுக. எஞ்சிய கலவையைச் சாக்கடையில் ஊற்றாது, இறுகவிட்டே எறிதல் வேண்டும்.

பெயர் சொல்லி விற்போம்

இவ்வாறு செய்த கல் அழகியதே. ஆயினும் அது முழுக்கல் அன்று. அமெரிக்காவின் அரிசோனாவில் டர்க்காய்ஸ் சில்லுகளைப் பிசினோடு அழுத்திப் பாளமாக்கி அறுக்கும் தொழில் உண்டு. அத்தகைய கலப்புக் கற்களை இயற்கைக் கல் என வாங்கி ஏமாந்தோர் பலர். அந்நாட்டுக் கூட்டரசு வாணிப ஆணையம் 2018இல் திருத்திய நகை வழிகாட்டி, கலப்புக் கல்லை இன்னதென விளக்காமல் வெறுங் கல்லின் பெயரால் விற்கலாகாது என அறிவுறுத்துகிறது. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2011ஆம் ஆண்டின் வாணிப விளக்கச் சட்டமும் பொய்யான விளக்கத்தைத் தடுக்கின்றன.

ஆகவே, "செவ்வந்திக்கல் சில்லுகள், எபோக்சிப் பிசினில் பதித்தது" என்று ஒரு சிறு அட்டையில் எழுதிக் கல்லுடன் கொடுப்போம். வெயில் மிகுந்தால் பிசின் மஞ்சளிக்கும், கடும் வெப்பத்தில் இளகும் என்பதையும் வாங்குவோரிடம் கூறுவோம். உண்மையைக் கூறினால் விலை குறையுமே என்று சிலர் தயங்கலாம். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வாரார். பத்துப் பேரிடம் சொல்லியும் விடுவார்.

விலை வைப்பதிலும் கணக்கு வேண்டும். பத்துக் கற்களில் மூன்று பழுதானால், பத்துக்கும் ஆன செலவை ஏழின் விலையே ஈடுசெய்தல் வேண்டும். கடன்பட்டுப் பொருள் வாங்காமல், முதலில் ஓர் அச்சும் சிறு குப்பிகளும் கொண்டு பழகுவோம். கை தேர்ந்தபின் பெருக்கலாம்.

ஒட்டுப்பால் ஒட்டுப்பாலாகவே நிறுவைக்கு வந்து, தனக்குரிய விலையைப் பெறுகிறது. கற்சில்லும் தன் பெயரோடே விலைபோகட்டும்.