கை தட்டினால்தான் பேசும் கருவி

ஒரு மின்னணுப் பலகையில் வெப்ப உணரி, நினைவக அட்டை, திரை எனப் பல உறுப்புகள் இருக்கும். அவை செய்தி பரிமாறிக்கொள்ள மோட்டரோலா நிறுவனம் 1980களில் வகுத்த முறைக்கு எஸ்.பி.ஐ. என்று பெயர். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' நுண்செயலிகளிலும் இம்முறை உண்டு. இதில் தலைமைக் கருவி மாஸ்டர். அதற்குப் பணியும் கருவி ஸ்லேவ்.

இதைப் புளியங்கொட்டை கொண்டே விளக்கலாம். நம் புதுக்கோட்டைப் பக்கம் தாயம் ஆட ஒரு பக்கம் உரசி எடுப்போமல்லவா? வெள்ளைப் பக்கம் 1. கறுப்புப் பக்கம் 0. நீங்களும் நண்பரும் ஆளுக்கு எட்டுக் கொட்டைகளை வரிசையாக வையுங்கள். நீங்கள் ஒருமுறை கை தட்டியதும், இருவரும் இடக்கோடிக் கொட்டையை மற்றவரிடம் கொடுத்து, வந்ததை வலக்கோடியில் சேர்க்க வேண்டும். எட்டுத் தட்டலில் வரிசைகள் இடம் மாறிவிடும். கை தட்டுபவரே மாஸ்டர். தட்டல்தான் கடிகாரத் துடிப்பு.

கவனியுங்கள்: உங்கள் கேள்வி போய்ச் சேரும்போது வருவது, நண்பர் முன்பே அடுக்கி வைத்தது. கேள்விக்கான விடை வர, இன்னும் எட்டுத் தட்டல் தேவை.

மாஸ்டரைச் சோதிப்பது எளிது. அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் இணைத்தால் அனுப்பியதே திரும்ப வரும். ஸ்லேவுக்கு இது உதவாது. துடிப்புத் தர இன்னொருவர் வேண்டும். ஆகவே இரண்டு ஆர்டுயினோ ஊனோ பலகைகளை எடுங்கள். 10, 11, 12, 13 ஆகிய முனைகளை அதே எண்ணுள்ள முனைகளோடும், தரை முனையைத் தரை முனையோடும் இணையுங்கள். ஸ்லேவின் நிரலில் 12ஆம் முனையை வெளியீடாக அறிவிக்க வேண்டும். இல்லையேல் விடை வெளிவராது. துடிப்பு நொடிக்கு 1,25,000 போதும். ஒவ்வொரு எட்டுத் துடிப்புக்கும் பிறகு சிறிது இடைவெளி விடுங்கள். அடுத்த எண்ணை ஏற்றி வைக்க ஸ்லேவுக்கு நேரம் வேண்டும்.

எந்த எண்ணை அனுப்பச் சொல்வது? 165 என்றால் 10100101. இதைத் தலைகீழாகப் படித்தாலும் அதுவே. எனவே வரிசை மாறிய பிழை தெரியாது. 83 நல்லது: 01010011. ஸ்லேவில் எப்போதும் 83ஐ ஏற்றி வைத்து, மாஸ்டரில் வருவதைப் பாருங்கள்.

202 வந்தால், பிட் வரிசை தலைகீழ். 41 அல்லது 166 வந்தால், துடிப்பின் எந்த விளிம்பில் படிப்பது என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. எப்போதும் 0 அல்லது 255 என்றால், கம்பிகளையும் 12ஆம் முனையையும் பாருங்கள்.

பிழை இருந்தால் காட்டிக்கொடுப்பதே சோதனை. பிழையிருந்தும் 'சரி' என்பது சோதனையன்று.

உங்களுக்கு ஒரு கணக்கு: 0 முதல் 255 வரை, 165 போலத் திருப்பினாலும் மாறாத எட்டு பிட் எண்கள் எத்தனை?