திருவலகும் பூங்கூடையும்



முதுமையை ஒட்டி மனித வாழ்வில் இருவகை இழப்புகள் நேர்கின்றன. பல்லாண்டுகள் செய்த பணி நம்மை விட்டு நீங்குவது ஒன்று. உடன் வாழ்ந்தவர் நீங்குவது மற்றொன்று. முன்னதற்கும் மாலையிட்டு வழியனுப்புகின்றனர். பின்னதற்கும் மாலையிட்டே வழியனுப்புகின்றனர். இரண்டிற்கும் மறுநாட் காலை ஒன்றேயாம். எழுந்து என்ன செய்வதென்று அறியாத காலை அது.

அக்காலையைக் கடக்கும் வழி யாது? இதற்கு விடை காண அரிய தத்துவ நூல்களுக்குள் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தெய்வச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துள் காட்டும் திலகவதியார் வாழ்வே போதுமானது. அவ்வாழ்வை அடியேன் மாணாக்கர்க்குப் பலமுறை பாடமாக நடத்தியவன். ஆயினும், அதன் பொருளை உணர்ந்தது என் எழுபதாம் அகவைக்குப் பின்னரே என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

அடியேன் பட்ட பாடு

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை அடியேனின் ஊர். தமிழாசிரியனாகப் பணியாற்றி 58 ஆம் அகவையில் ஓய்வு பெற்றேன். அடுத்த ஓராண்டு வரை, பள்ளி மணி ஒலிக்கும்பொழுதெல்லாம் என் கை தானாகவே மேல்துண்டைத் தேடும். என் துன்பத்தைக் கண்ட இல்லத்தாள் ஒருநாள் பெரியபுராணத்தை எடுத்து என்முன் வைத்தாள். "இத்தனை வருசம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொன்னீங்க, இனிமே எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். அன்று தொடங்கி நாள்தோறும் மாலையில் சில பாடல்களைப் படித்துப் பொருள் கூறினேன். ஓய்வுக்காலம் இனிதாயிற்று. ஒருமுறை முடித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்.

இரண்டாம் முறை திருநாவுக்கரசர் புராணம் நடந்துகொண்டிருக்கையில் அவள் நோயுற்றாள், மீளவில்லை. நூலுள் அடையாளமாக வைத்த இலை உலர்ந்து, வைத்த பக்கத்திலேயே இருந்தது. அந்நூலை நான் தொடவில்லை.

வாயிலில் அவள் நட்ட நந்தியாவட்டை ஒன்று உண்டு. காலைதோறும் அதன் பூக்களைப் பறித்துக் கோயிலுக்குக் கொடுத்து வருவது அவள் வழக்கம். அவள் போன பின்பும் அது பூத்தது. பறிப்பாரின்றிப் பூக்கள் உதிர்ந்து மண்ணிற் கிடந்தன. 'அவளே இல்லை, நீ ஏன் பூக்கின்றாய்?' என்று அதன்மேற் சினந்ததும் உண்டு. வெட்டிவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

அவ்வாறு ஆறு திங்கள் கழிந்தபின் ஒருநாட் காலை, அண்டை வீட்டு நெசவாளரின் மகள், ஐந்தாம் வகுப்பில் படிப்பவள், வேலியருகே வந்து நின்றாள். "தாத்தா, பூவெல்லாம் கீழ விழுந்து வீணாப் போகுதுங்களே! கோயிலுக்குக் கொண்டு போகட்டுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு மறுமொழி வரவில்லை. உள்ளே சென்று, ஆணியில் தொங்கிய பூங்கூடையை எடுத்து வந்து கொடுத்தேன். உயரத்துக் கிளை அவளுக்கு எட்டவில்லை. நான் வளைத்துப் பிடித்தேன். அப்பொழுதுதான் அப்பூ என் முகத்தருகே வந்தது. ஐந்து வெள்ளிதழ்கள், ஒவ்வொன்றும் காற்றாடியைப் போல் ஒரே பக்கமாகச் சற்றே திரும்பியிருந்தது, இதழோரத்தில் இரவுப் பனி நின்றது. அப்பூவை அதுகாறும் நான் நோக்கியதே இல்லை என்பது அன்று விளங்கிற்று. அவள் நாள்தோறும் நோக்கியிருப்பாள்.

திலகவதியார் காட்டும் நெறி

அன்று மாலை நூலைத் திறந்தேன். திலகவதியார் வரலாற்றை மீண்டும் முதலிலிருந்து படித்தேன்.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகத் தோன்றியவர் அவர். மன்னனின் படைத்தலைவரான கலிப்பகையாருக்கு மணம் பேசப்பட்டார். கலிப்பகையார் போர்மேற் சென்றிருந்த காலத்தில் தந்தையார் இறந்தார். தாயாரும் உடன் சென்றார். பின்னர்க் கலிப்பகையாரும் போர்க்களத்தில் பட்டார் என்ற செய்தி வந்தது. உயிர்விடத் துணிந்த திலகவதியாரின் திருவடிகளில் தம்பி மருணீக்கியார் வீழ்ந்து, தமக்கை இறப்பின் தாம் முன்னரே இறப்பதாகக் கூறி அழுதார். தம்பி உயிர் வாழ வேண்டுமென்றே அவர் உயிர் தாங்கினார்.

அத்தம்பியும் பின்னர்ச் சமண சமயம் சார்ந்து பிரிந்தார். எல்லாரையும் இழந்த அம்மையார் கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். அங்கே அவர் பெருஞ்செயல் எதனையும் தொடங்கவில்லை. பொழுது புலருமுன் எழுந்து திருவலகிட்டார், ஆப்பி கொண்டு மெழுகினார், மலர் கொய்தார், மாலை தொடுத்தார். மறுநாளும் அதனையே செய்தார்.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். துயரம் தீர்ந்த பின்னர் அவர் தொண்டு தொடங்கினார் என்று சேக்கிழார் பாடவில்லை. துயரத்தோடேயே தொண்டு தொடங்குகின்றது. மனம் ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்று நாம் காத்திருக்கின்றோம். அம்மையாரோ கைக்கு முதலில் வேலை கொடுத்தார். அலகிடும் கண் தரையைப் பார்த்தே ஆக வேண்டும். மலர் கொய்யும் கண் மலரைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த நோக்கினூடே அழகு தானே வந்து சேர்கின்றது.

சூலை நோயால் வருந்திய தம்பி இரவில் வந்து அடி வீழ்ந்த பொழுதும், அவருக்குத் திருநீறு அளித்த அம்மையார், திருவலகும் தோண்டியும் கைக்கொண்டே, விடியுமுன் அவரைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தம்பி திரும்பி வந்த அப்பெருநாளிலும் அலகிடும் பணி தவறவில்லை.

உழவாரம் ஏந்திய முதுமை

தமக்கையின் நெறியே தம்பிக்கும் வழியாயிற்று. நாவுக்கரசர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. இறுதிக் காலத்தில் திருப்புகலூரில் அவர் கையில் இருந்தது உழவாரப்படையே. திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கியபொழுது பருக்கைக் கற்களோடு பொன்னும் மணியும் வெளிப்பட, அவற்றையும் கற்களாகவே மதித்து வாவியில் எறிந்தார். அவருக்குச் சிற்றழகுகள் தெரியாமற் போகவில்லை. இறைவன் திருவடி நிழலுக்கு உவமை கூற வந்தபொழுது அவர் பொன்னையும் மணியையும் நாடவில்லை. வீணையிசை, அந்தி நிலவு, மென்காற்று, இளவேனில், வண்டு சூழ்ந்த பொய்கை ஆகியவற்றையே நினைந்தார். இவற்றிற் பல விலையின்றி எவர் வாயிலுக்கும் வருவன.

தமிழ்ப் பணியிலும் சான்று உண்டு. மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் 1919 ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிப் பணியினின்று ஓய்வு பெற்றார். ஏட்டுச் சுவடிகளை விட்டு அவர் ஓய்வு பெறவில்லை. எண்பதைக் கடந்த அகவையில், 1937 இல், குறுந்தொகையை உரையுடன் வெளியிட்டார். சம்பளம் நின்ற பின்னரும் பணி நிற்கவில்லை.

ஓர் ஐயமும் விடையும்

இங்கே ஓர் ஐயம் எழும், எனக்கும் எழுந்தது. மறைந்தவரை நினைந்து வருந்த வேண்டிய காலத்தில் பூவையும் நிலவையும் கண்டு மகிழ்வது, அவரை மறப்பதாகாதா? பூவை நோக்கிய அன்று இரவு, ஏதோ குற்றம் செய்தவன் போல் உறக்கமின்றிக் கிடந்தேன்.

இதற்கு விடையை எங்களூர்த் தறியில் கண்டேன். இளம்பிள்ளை புடவைக்குப் பேர்பெற்ற ஊர் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். ஒரு பாவு நெய்து முடியும் தறுவாயில் பழைய பாவின் நுனியை நெசவாளர் முழுவதும் அறுத்தெறிவதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே அதனை விட்டு வைக்கின்றனர். புதிய பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழையோடு விரலால் முறுக்கிப் பிணைக்கின்றனர். இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒன்றையும் விட இயலாது. பிணைத்து முடித்தபின் மெல்ல இழுத்தால், பழைய இழையே புதிய இழையை விழுதினூடே அழைத்து வருகின்றது.

அண்டை வீட்டில் அச்சிறுமியின் தாயார் இவ்வாறு பாவு பிணைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழையதை அறுத்தால் புதிய நெசவு அரிது; பழையதோடு நின்றுவிட்டால் நெசவே இல்லை. அவள் நட்ட செடியில் இன்று மலர்ந்த பூவை நான் பறிக்கின்றேன் என்றால், அது அவளை மறப்பதன்று. அவள் இழையே என்னை இழுத்துச் செல்கின்றது. திலகவதியாரும் கலிப்பகையாரை மறந்தவர் அல்லர். வேறு மணம் நாடாது, தவக்கோலத்தோடே அலகிட்டார்.

நாம் கைக்கொள்ளத் தக்கவை

1. காலையில் ஒரு சிறு கடமையை வகுத்துக்கொள்க. வாயில் பெருக்குதல், செடிக்கு நீர் வார்த்தல், மாலை தொடுத்தல் எதுவாயினும் அமையும். திருக்கோயில்களில் உழவாரப் பணி செய்யும் குழுவினரோடு சேர்தல் மிக நன்று.

2. மறைந்தவரின் நல்வழக்கம் ஒன்றை எடுத்துத் தொடர்க. அவருக்குச் செய்யும் வழிபாடுகளுள் இதுவும் ஒன்றாகும்.

3. நாளுக்கு ஒன்றையேனும் நின்று நோக்குக. கோபுரத்துப் புறாவாகலாம், விளக்கின் சுடராகலாம், கோலமிடும் விரலாகலாம்.

4. அழுகை வந்தால் அடக்க வேண்டா. அழுதபின் முகம் கழுவி, விட்ட பணியைத் தொடர்க.

5. உணவும் உறக்கமும் பல வாரம் ஒழிந்து, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டுமாயின், நெருங்கியவரிடம் உடனே கூறி மருத்துவரை நாடுக. இதில் நாணம் வேண்டா. திலகவதியாரையும் உயிர் தாங்கச் செய்தது உடனிருந்த ஒருவரின் குரலே அன்றோ!

இப்பொழுது நாட்காலையில் நான் கிளையை வளைக்க, அச்சிறுமி பறிக்கின்றாள். கோயிலுக்குச் செல்லும் வழியில் கஞ்சமலைமேல் வெயில் படர்வதைக் காண்கின்றோம். மாலையில் அவள் என் திண்ணைக்கு வந்து கதை கேட்கின்றாள். உலர்ந்த இலை இருந்த பக்கத்தைத் தாண்டிவிட்டோம். சென்ற சித்திரைச் சதயத்தன்று, அப்பர் பெருமான் குருபூசை நாளில், திருப்புகலூரில் அவர் திருவடி சேர்ந்த பகுதியைப் படித்து முடித்தேன். இலையை எறியவில்லை, அதனை அடுத்த புராணத்தின் முதற்பக்கத்தில் வைத்திருக்கின்றேன்.

திருச்சிற்றம்பலம்.